‘ரன்’ வந்த இடத்தில் வாக்கியம் புரியாமல் நிற்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மதுரையில் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையில் நிற்பவர், மோட்டார் கடையில் பில் போடுபவர், நர்ஸ், டிராவல்ஸ் வண்டி ஓட்டுபவர், கல்லூரிக் கடைசி வருடப் பிள்ளைகள். இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் நான் கண்டது: நீளமான வார்த்தை யாரையும் கவிழ்ப்பதில்லை. அகராதியில் ஒரே பொருள் இருக்கும், எழுதிக்கொண்டு போய்விடலாம். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் முடிகிற வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும். அவற்றில் முதலிடம் ‘ரன்’னுக்கு.

ரன் என்றால் ஓடு என்று சின்ன வகுப்பில் படித்தது சரிதான். பாதி இடத்தில் அது அப்படியே பொருந்தும். நம் ‘ஓடு’வும் காலோடு நின்றுவிடுகிற சொல் கிடையாதே! படம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடுகிறது. ஆகவே தமிழ் பேசுகிறவருக்கு ரன்னின் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. மீதிப் பாதியில் இரண்டு மொழியும் பிரிந்து போகின்றன. அந்தப் பிரிகிற இடம் தெரிந்தால் போதும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, ரன் செய்வது யார், அல்லது எது? மனிதனா, இயந்திரமா, ஆறா, சாயமா, மூக்கா?

இரண்டு, ரன்னுக்கு அடுத்து நேராக ஒரு பெயர் நிற்கிறதா? கடை, பள்ளி, மோட்டார் என்று?

மூன்று, அடுத்து அவுட், இன்டு, ஓவர் மாதிரி ஒட்டுச்சொல் வருகிறதா, இல்லை டிரை, லோ, லேட் மாதிரி ஒரு நிலையைச் சொல்லும் சொல் வருகிறதா?

பாதிக்கு மேல் சிக்கல் இங்கேயே அவிழ்ந்துவிடும். அவிழவில்லை என்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அறிகுறி: ‘ஓடுகிறார்’ என்று போட்டால் வாக்கியம் அபத்தமாகிறது

‘ஷீ ரன்ஸ் எ மெஸ் நியர் சிம்மக்கல்.’ அவர் ஒரு மெஸ்ஸை ஓடுகிறார் என்று யாரும் சொல்ல மாட்டோம். இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: ரன்னுக்கு அடுத்து நேராக ‘மெஸ்’ நிற்கிறது. அப்படியானால் ஓடுவது அவரில்லை, அவர் ஓட்டுகிறார். தமிழில் ஓடு, ஓட்டு என்று இரண்டு வினை இருக்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டது. நிறுவனம் என்றால் ‘நடத்துகிறார்’, வண்டி வாகனம் என்றால் ‘ஓட்டுகிறார்’ அல்லது ‘விடுகிறார்’, கணினி நிரல் என்றால் ‘இயக்குகிறார்’. ‘ஹீ ரன்ஸ் த்ரீ பஸ்ஸஸ் டு தேனி’ என்றால் அவர் ஸ்டியரிங் பிடிக்கிறார் என்று அர்த்தமில்லை. தேனிக்கு மூன்று பஸ் விடுகிற முதலாளி அவர்.

இதன் கிளை ஒன்று உண்டு. பள்ளிப் பலகையில் பெயருக்குக் கீழே ‘ரன் பை’ என்று போட்டு ஒரு அறக்கட்டளையின் பெயர் இருக்கும். கடிதத்தில் ‘த ஸ்கூல் இஸ் ரன் பை எ டிரஸ்ட்’ என்று வரும். அங்கே ‘இஸ்’ஸும் ‘ரன்’னும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் பலருக்கு இது எந்தக் காலம் என்றே பிடிபடாது. அது செயப்பாட்டு வினை. ‘அறக்கட்டளை நடத்தும் பள்ளி’, அவ்வளவுதான்.

அறிகுறி: ஆற்றில் தண்ணீரே இல்லை, ஆனால் ‘ரன்ஸ்’ என்று எழுதியிருக்கிறது

‘த வைகை ரன்ஸ் த்ரூ மதுரை.’ சுற்றுலாக் கையேட்டில் இதைப் படித்த ஒரு மாணவர் ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் கீழே மணலும் கருவேலமும்தான் தெரியும். கையேடு பொய் சொல்லவில்லை. இங்கே ரன் என்பது நீரோட்டத்தைச் சொல்லவில்லை, கிடப்பைச் சொல்கிறது. எங்கே தொடங்கி, எதன் வழியே, எதுவரை நீள்கிறது என்பதுதான் செய்தி. வருசநாட்டு மலையில் பிறந்து, ஆண்டிபட்டி பக்கத்தில் 1959-ல் கட்டிய அணையைக் கடந்து, மதுரையைப் பிளந்துகொண்டு ராமநாதபுரம் பக்கம் போகிற தடம் 258 கிலோமீட்டர். அந்தத் தடம் வறண்ட சித்திரையிலும் அங்கேயேதான் இருக்கிறது. ‘ரன்ஸ் ஃபார் 258 கிலோமீட்டர்ஸ்’ என்றால் அத்தனை தூரம் நீள்கிறது என்று பொருள்.

சாலைக்கும் மலைக்கும் சுவருக்கும் மின்கம்பிக்கும் இதுவேதான். ‘த ரோடு ரன்ஸ் ஃப்ரம் மாட்டுத்தாவணி டு மேலூர்.’ தமிழில் நாம் சாலையை ஓடவிடுவதில்லை. சாலை ‘போகிறது’ என்போம். மலையை ‘நீண்டு கிடக்கிறது’ என்போம். அதனால் செய்வது ஒரு இடமோ கட்டுமானமோ என்றால் ஓடுவை ஒதுக்கிவிட்டு ‘போகிறது’, ‘செல்கிறது’, ‘நீள்கிறது’ மூன்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

சரி, நிஜமாகவே தண்ணீர் வரும்போது? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள். அப்போது பாலத்தில் நின்று ‘த ரிவர் இஸ் ரன்னிங் டுடே’ எனலாம். ‘ரன்ஸ்’ என்பது என்றைக்கும் உள்ள நிலை. ‘இஸ் ரன்னிங்’ என்பது இந்த நேரத்து நடப்பு. பள்ளியில் காலங்களைப் பட்டியலாகப் படித்தபோது மண்டையில் ஏறாதது வைகையை வைத்துச் சொன்னால் ஒரே நிமிடத்தில் ஏறுகிறது. நம் ஊர் ஆறு இலக்கணமும் நடத்தும்!

இதே சாவியில் இன்னொரு பூட்டும் திறக்கும். ‘வைகை எக்ஸ்பிரஸ் ஹேஸ் பீன் ரன்னிங் சின்ஸ் 1977.’ அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல் விடப்பட்ட ரயில் சேவை இன்னும் தொடர்கிறது என்று அர்த்தம். ‘ரன்ஸ் டெய்லி’ என்றால் தினசரி உண்டு. ‘ரன்னிங் லேட்’ என்றால் இன்றைக்குத் தாமதம்.

அறிகுறி: ரன்னுக்கு அடுத்து ஒரு நிலைச்சொல், ஓடுவதற்கு நேர் எதிராக எல்லாம் நிற்கிறது

ரன் டிரை, ரன் லோ, ரன் ஷார்ட், ரன் வைல்டு. ‘த வெல் ஹேஸ் ரன் டிரை’ என்பதைக் ‘கிணறு வறண்டு ஓடியது’ என்று எழுதிய விடைத்தாளை நான் பார்த்திருக்கிறேன். ஓடினால் எப்படி வறளும்? இங்கே ரன் தன் கனத்தையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு ‘ஆகிவிட்டது’ என்ற ஒரே வேலையைச் செய்கிறது. கிணறு வற்றிவிட்டது. ‘வீ ஆர் ரன்னிங் லோ ஆன் டீசல்’ என்றால் டீசல் குறைந்துவிட்டது, ‘ரன்னிங் ஷார்ட் ஆஃப் ஸ்டாஃப்’ என்றால் ஆள் பற்றவில்லை. சோதிக்கும் முறை: ரன்னை அழித்துவிட்டு ‘ஆகு’ போடுங்கள். வாக்கியம் நின்றால் அதுதான்.

அறிகுறி: ‘டிரை ரன்’ என்றதும் மோட்டார்காரருக்கு வயிறு கலங்குகிறது

இது மதுரையைச் சுற்றி விவசாயமும் போர் மோட்டாரும் உள்ள எந்த ஊரிலும் வரும் குழப்பம். நன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதும்கூட, ஏனென்றால் இரண்டு அர்த்தமும் அவரவர் இடத்தில் முழுக்கச் சரி.

முதலாவது, போர் மோட்டாரின் பேனல் பெட்டி. அதில் ‘டிரை ரன்’ என்று ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். குழாய்க் கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, பம்பு காற்றை இழுக்கத் தொடங்கினால் மோட்டாருக்குச் சுமை குறையும். சுமை குறைந்தால் அது இழுக்கும் ஆம்பியரும் வழக்கத்தைவிடக் குறையும். பேனல் அதைப் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிரவைப்பதே அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான். தண்ணீரில்லாமல் ஓடினால் சூடேறி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துபோகும். ஆகவே இங்கே டிரை ரன் என்பது தவிர்க்க வேண்டிய கோளாறு. ‘டோன்ட் ரன் த பம்ப் டிரை’ என்று கையேட்டில் இருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே என்பது பொருள்.

இரண்டாவது, அலுவலக டிரை ரன். ‘லெட்ஸ் டூ எ டிரை ரன் பிஃபோர் த ஃபங்ஷன்’ என்றால் விழாவுக்கு முன் ஒருதடவை ஒத்திகை பார்த்துவிடுவோம். இது நல்ல காரியம், செய்ய வேண்டியது. 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்குவதற்கு முன் நாடு முழுக்க நடந்த ஏற்பாட்டை ஆங்கிலப் பத்திரிகைகள் டிரை ரன் என்றன, நம் பத்திரிகைகள் ஒத்திகை என்று எழுதின. எவ்வளவு அழகான, பொருத்தமான சொல் நம்மிடம் இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

பிரித்தறிவது எப்படி? டிரை ரன்னுக்கு முன்னால் ‘டூ’ அல்லது ‘ஹேவ்’ இருந்தால், அதாவது யாரோ திட்டம் போட்டுச் செய்வதாக இருந்தால், ஒத்திகை. பக்கத்தில் பம்பு, புரொடெக்‌ஷன், டிரிப் போன்ற சொல் இருந்தால் தண்ணீரில்லா ஓட்டம்.

மோட்டார் பெட்டியைத் திறந்ததுதான் திறந்தோம், இன்னொன்றையும் பார்த்துவிடலாம். ஒற்றை ஃபேஸ் மோட்டாரின் பேனலில் ‘ஸ்டார்ட்’ கெப்பாசிட்டர், ‘ரன்’ கெப்பாசிட்டர் என்று இரண்டு இருக்கும். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் கிளப்பிவிடுவதற்கு மட்டும். வேகம் எடுத்ததும் விலகிக்கொள்ளும். ரன் கெப்பாசிட்டர் மோட்டார் நிற்கும்வரை இணைப்பிலேயே இருக்கும். தொடங்கிய ஒன்று தொடர்ந்து நடப்பதற்கும் ரன் என்றுதான் பெயர் என்பதை இந்த இரண்டு டப்பாவும் எந்த அகராதியையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன.

அறிகுறி: துணிக்கடையில் ஓடுவதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் ரன்

வெளிநாட்டிலிருந்து வந்தவர் சுங்குடிச் சேலையைக் கையில் எடுத்துப் புள்ளிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘வில் த கலர்ஸ் ரன்?’ என்று கேட்பார். கடைப் பெண் திகைத்து நிற்கும். அவர் கேட்பது, ‘சாயம் போகுமா?’ தமிழில் சாயம் ஓடாது, சாயம் ‘போகும்’, மற்றத் துணியில் ‘ஏறும்’. சுங்குடிக்கு இந்தக் கேள்வி முக்கியம். துணியைப் பொட்டுப் பொட்டாக நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டிச் சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்தால் கட்டிய இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சாயம் போனால் அந்த வெள்ளையில்தான் முதலில் ஏறும், வேலைப்பாடே மங்கிவிடும். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சரக்கு இது. இதைப் பற்றி ஒருவர் ஆசையாகக் கேட்கும்போது பதில் தெரியாமல் சிரித்து அனுப்பக் கூடாது. ‘வாஷ் இட் செப்பரேட்லி த ஃபர்ஸ்ட் டைம்’ என்று முதல் துவைப்பைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னாலே அவருக்கு நம்பிக்கை வந்துவிடும். துணியின் உள்ளே தைத்த சீட்டில் ‘கலர்ஸ் மே ரன்’ என்று இருப்பதும் இதே எச்சரிக்கைதான்.

அதே கடையில் ‘ரன்னிங் பிளவுஸ்’ என்றொன்று. சேலையின் முனையிலேயே தொடர்ச்சியாக நெய்து விட்டிருக்கும் ரவிக்கைத் துணி. வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டியது. ‘ரன்னிங் மெட்டீரியல்’ என்றால் துணிச் சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் கிழித்துக் கொடுக்கும் துணி. இரண்டிலும் ரன்னிங் என்றால் விடாமல் தொடர்வது.

இந்தத் ‘தொடர்’ பொருள்தான் பணத்தில் கை வைக்கிற இடத்துக்கும் போகிறது. தச்சர், கிரானைட் கடைக்காரர் கொடுக்கும் எஸ்டிமேட்டில் ‘ரன்னிங் ஃபீட்’ என்று இருக்கும், பெரும்பாலும் மூன்று எழுத்துச் சுருக்கமாக, ஆர் எஃப் டி என்று. சதுர அடி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் தொகை தலைகீழாகிவிடும். ரன்னிங் அடி என்றால் நீளம் மட்டும். அகலம் கணக்கில் வராது. சமையல் மேடை 12 அடி நீளம், 2 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 24 சதுர அடி, ஆனால் 12 ரன்னிங் அடி. அடிக்கு 100 ரூபாய் என்றால் ஒரு கணக்கில் 2400, இன்னொரு கணக்கில் 1200. கல்லுக்குச் சதுர அடியில் விலை சொல்லிவிட்டு, முன்பக்க விளிம்பை உருட்டி மெருகேற்றும் கூலியை ரன்னிங் அடியில் சொல்வது வழக்கம். ஒரே தாளில் இரண்டும் வரும். வரிக்கு வரி எந்த அடி என்று பார்த்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். ஒப்பந்ததாரர்களின் ‘ரன்னிங் பில்’லும் இந்தக் குடும்பம்தான்: வேலை நடக்க நடக்க, முடிந்த அளவுக்குப் போடும் இடைக்கால பில்.

அறிகுறி: ‘ரன்னிங் ரூம்’ என்ற அறையில் எல்லாரும் படுத்துத் தூங்குகிறார்கள்

ரயில்வேயில் லோகோ பைலட், உதவி லோகோ பைலட், முன்பு கார்டு என்று அழைத்து 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாறியவர், இவர்கள் எல்லாம் ‘ரன்னிங் ஸ்டாஃப்’. வண்டியோடு போகிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். வெளியூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு அடுத்த வண்டிவரை அவர்கள் ஓய்வெடுக்கும் இடம் ரன்னிங் ரூம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதைப் பயிற்சிக்கூடம் என்று நினைத்துவிடுகிறார்கள். ரன்னிங் ஒரு பெயருக்கு முன்னால் நின்றால், ‘ஓடுகிற’ என்று உடனே முடிவு கட்டாமல், ‘ஓட்டத்தைச் சேர்ந்த’, ‘தொடர்கிற’ என்ற இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: வாக்கியம் ‘ரன்னிங்’கில் முடிகிறது, அதில் எவரும் ஓடவில்லை

‘இட் ரெயின்டு ஃபார் த்ரீ டேஸ் ரன்னிங்.’ தொடர்ந்து மூன்று நாள் மழை. எண்ணும் நாளும் முன்னால், ரன்னிங் பின்னால். வேறு எந்த அர்த்தமும் இந்த இடத்தில் வராது.

அறிகுறி: சின்ன ஒட்டுச்சொல் ஒன்று சேர்ந்ததும் பொருள் எங்கோ போய்விடுகிறது

இங்கே ரன்னைத் தனியாகப் பார்க்கவே கூடாது; ஒட்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘ரன் அவுட் ஆஃப்’ தீர்ந்துபோவது. பால் தீர்ந்துவிட்டது, பெட்ரோல் தீர்ந்துவிட்டது, பொறுமையும் தீர்ந்துவிட்டது. நம் ஊரில் கிரிக்கெட் இல்லாத தெரு இல்லை என்பதால் ‘ரன் அவுட்’ என்றதும் குச்சி சாய்வதுதான் கண்ணில் வரும். ஆஃப் ஒட்டியிருந்தால் கிரிக்கெட்டை மறந்துவிடலாம்.

‘ரன் இன்டு’ மூன்று வேலை செய்யும். அடுத்து மனிதர் வந்தால் தற்செயலாகச் சந்திப்பது: ‘ஐ ரேன் இன்டு யுவர் அங்கிள் அட் ஆரப்பாளையம்.’ இதைக் கேட்டு மாமாவை இடித்துத் தள்ளிவிட்டாரோ என்று பதற வேண்டாம். சுவரோ மரமோ வந்தால் மோதல்தான். பணத்தொகை வந்தால் அத்தனைக்குப் போகும் என்பது: ‘த எக்ஸ்பென்ஸ் ரன்ஸ் இன்டு லேக்ஸ்’, செலவு லட்சக்கணக்கில் போகும்.

‘ரன் ஓவர்’ என்பதில் கவனம் தேவை. வண்டி ஒன்றின் மேல் ஏறுவதும் ரன் ஓவர்தான். கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீள்வதும் ரன் ஓவர். கணக்கை ஒருதடவை மேலோட்டமாகப் பார்ப்பதும் ரன் ஓவர். செய்வது வண்டியா, கூட்டமா, மனிதரா என்ற முதல் கேள்வியே பிரித்துக் கொடுத்துவிடும்.

‘ரன் த்ரூ’ வேகமாக ஒருமுறை சொல்லிப் பார்ப்பது. மேலாளர் ‘ரன் இட் பை மீ’ என்று எழுதினால் அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை காட்டிவிடு என்கிறார். இதைப் புரிந்துகொள்ளாமல் நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டுத் திட்டு வாங்கியவர்கள் உண்டு. ‘ரன் அப் எ பில்’ கடனை ஏற்றிக்கொண்டே போவது. ‘ரன் டவுன்’ மூன்று: ஆளை வண்டியால் தட்டுவது, ஆளைக் குறைத்துப் பேசுவது, பாழடைந்த கட்டடம்.

‘ரன் ஃபார் த பஸ்’ என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது. ‘ரன் ஃபார் மேயர்’ என்றால் தேர்தலில் போட்டியிடுவது. இந்த இரண்டாவது அமெரிக்க வழக்கு. இங்கிலாந்தில் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள், நாமும் தேர்தலில் ‘நிற்கிறார்’ என்கிறோம். ஒரு நாட்டில் ஓடுகிறார்கள், இன்னொன்றில் நிற்கிறார்கள், வேலை ஒன்றுதான். மதுரை மாநகராட்சியின் 100 வார்டில் எதில் நின்றாலும் நம் ஆங்கிலப் பத்திரிகையில் ‘கான்டெஸ்ட்’ என்றே வரும்.

அறிகுறி: ரன் பெயர்ச்சொல்லாக வருகிறது

கிரிக்கெட் ரன்னுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஒரு அடி எடுத்து வைக்காமலேயே நான்கு ‘ரன்’. ஓட்டத்தை எண்ணத் தொடங்கிய சொல் பிறகு கணக்கின் அலகாகவே மாறிவிட்டது. பெயர்ச்சொல் ரன் பல இடத்தில் இப்படி ஓட்டத்தை விட்டுவிட்டு ஒரு நீட்சியையோ அளவையோ பிடித்துக்கொள்கிறது. படத்தின் ‘ஹண்ட்ரட் டே ரன்’ நூறு நாள் ஓட்டம். ‘எ ரன் ஆஃப் பேட் லக்’ அடுத்தடுத்து வரும் கெட்ட நேரம். ‘இன் த லாங் ரன்’ காலப்போக்கில். ‘எ ரன் ஆன் த பேங்க்’ என்றால் வங்கி கவிழப்போகிறது என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எடுக்கக் குவிவது. ‘சிக்கன் ரன்’ கோழி உலாவக் கூண்டை ஒட்டி வலை கட்டிய இடம்.

அறிகுறி: நோயாளி சொல்வது புரியவில்லை

நர்ஸாக இருப்பவர்கள் இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண் சிகிச்சைக்கும் மற்றதற்கும் மதுரைக்கு வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் வருகிறார்கள், தப்பாகப் புரிந்துகொண்டால் சிகிச்சையே திசைமாறும்.

‘மை ஐஸ் ஆர் ரன்னிங்’: கண்ணில் நீர் வடிகிறது. ‘ரன்னி நோஸ்’: மூக்கு ஒழுகுகிறது. நம் ஊரில் ‘ரன்னிங் நோஸ்’ என்று சொல்வதும் அதுவே. ‘ஷீ இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’: காய்ச்சல் அடிக்கிறது. ‘ஐ ஹேவ் த ரன்ஸ்’: வயிற்றால் போகிறது, முன்னால் ‘த’, பின்னால் ‘ஸ்’ இரண்டும் சேர்ந்திருந்தால் இது ஒன்றே பொருள். ‘வீ நீட் டு ரன் சம் டெஸ்ட்ஸ்’: சில பரிசோதனை எடுத்துப் பார்க்க வேண்டும். ‘டஸ் டயபடீஸ் ரன் இன் யுவர் ஃபேமிலி?’ என்று மருத்துவர் கேட்டால் குடும்பத்தில் வேறு யாருக்கும் சர்க்கரை இருக்கிறதா என்பதே கேள்வி. நாம் ‘பரம்பரையாக வருகிறதா’ என்று கேட்போம், நோய் நம்மிடம் வருகிறது. ஆங்கிலத்தில் குடும்பத்துக்குள் ஓடுகிறது.

ஹோட்டல் காரர்களுக்கும் ஒன்று: முட்டையை ‘ரன்னி’யாகக் கேட்டால் மஞ்சள் கரு இறுகக் கூடாது. அவருக்குத் தயங்காமல் நம் ஆஃப்பாயிலைக் கொடுங்கள்.

அறிகுறி: தமிழில் ‘ஓடு’ என்று நினைத்து ‘ரன்’ போட்டால் எதிரில் இருப்பவர் விழிக்கிறார்

இது எதிர்த்திசைக் கோளாறு, பேசும்போது வருவது. நம் ‘ஓடு’ போகும், ‘ரன்’ எட்டாத இடமும் நிறைய.

மூளையில் ஒன்றும் ஓடவில்லை என்பதை ‘நத்திங் இஸ் ரன்னிங்’ என்றால் மின்சாரம் போய்விட்டதா என்று கேட்பார்கள். ‘ஐ கேன்ட் திங்க் ஆஃப் எனிதிங்’ என்று சொல்ல வேண்டும். கடை நன்றாக ஓடுகிறது என்பதற்கு ‘டூயிங் வெல்’. டிவியில் என்ன ஓடுகிறது என்பதற்கு ‘வாட்ஸ் ஆன்?’ போதும். அங்கே என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு ‘வாட்ஸ் கோயிங் ஆன்?’ பழைய வண்டி வாங்கும்போது எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்க, ‘ஹவ் மெனி கிலோமீட்டர்ஸ் ஹேஸ் இட் டன்?’ நேரம் ஓடுகிறது என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. நேரம் பற்றாமல் போகிறது என்றால் ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’. காலம் போனதே தெரியவில்லை என்றால் ‘டைம் ஃப்ளைஸ்’. ‘டைம் இஸ் ரன்னிங்’ என்று பாதியில் விட்டால் இரண்டும் ஆகாது.

முக்கியமாக ஒன்று. பெண் அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பிப் போனதை, ‘மை டாட்டர் ரேன் அவே டு ஸ்கூல்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘ரன் அவே’ வீட்டை விட்டு ஓடிப்போவது. தமிழில் ஓடிப்போனாள் என்பதற்கு என்ன கனமோ அதே கனம் அங்கேயும் உண்டு. ‘ஷீ ரஷ்டு ஆஃப் டு ஸ்கூல்’ என்றால் பிரச்சினை இல்லை.

அறிகுறி: ‘ஹேவ்’ வந்த இடத்தில் ‘ரேன்’ போடுகிறோம்

ரன், ரேன், மறுபடி ரன். மூன்றாவது வடிவம் முதல் வடிவத்துக்கே திரும்பிவிடும். ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்’ சரி. ‘வீ ஹேவ் ரேன் அவுட்’ தவறு. ‘கம், கேம், கம்’ இதே அச்சு. அதைச் சரியாகச் சொல்கிறவர்கள் இதற்கும் அதையே பிடித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: அகராதியைத் திறந்தால் ரன் முடியவே மாட்டேன் என்கிறது

அது உங்கள் குறையில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லைத் திருத்தி அடுக்க ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தேறியது. 1989-ல் வந்த இருபது தொகுதிப் பதிப்பில் முதலிடம் ‘செட்’டுக்கு இருந்தது, அதை ரன் தாண்டிவிட்டது. இயந்திரங்கள் பெருகப் பெருக இந்தச் சொல்லின் வேலையும் பெருகியது. ரயிலும் மோட்டாரும் கணினியும் வந்தபோது ஆங்கிலேயர் புதுச்சொல் தேடாமல் இருந்ததையே போட்டு ஓட்டினார்கள். நாமும் ஓடுவை வைத்து அதைத்தானே செய்தோம்?

அதனால் பேரகராதி வேண்டாம். கற்பவர்களுக்கான அகராதி ஒன்றை எடுங்கள். அதில் வினை ரன்னுக்கும் பெயர் ரன்னுக்கும் தனித்தனிப் பதிவு இருக்கும். ஒட்டுச்சொல் சேர்ந்த ரன் அவுட், ரன் இன்டு எல்லாம் வினைப் பதிவின் கடைசியில் தனியாகக் கிடைக்கும். உங்கள் வாக்கியத்தில் ஒட்டு இருந்தால் முதல் பொருளிலிருந்து படித்துக்கொண்டு வராமல் நேரே கடைசிக்குப் போங்கள். ஒட்டு இல்லையென்றால் எண்ணிட்ட பொருள்களில் முதல் ஏழெட்டைப் பார்த்தால் அன்றாடத் தேவை பெரும்பாலும் முடிந்துவிடும்.

இரண்டு பொருள் பொருந்துகிற மாதிரித் தெரிந்தால், இரண்டையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தைப் படியுங்கள். அதோடு ஒட்டாததை அடித்துவிடுங்கள். குறிப்பேட்டில் எழுதும்போது வெறும் பொருளை எழுதாமல் வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள், அதுவும் உங்கள் தொழில் வாக்கியமாக இருந்தால் நல்லது. ஜவுளிக்கடைக்காரருக்குச் சாயமும், மோட்டார்காரருக்குப் பம்பும், நர்ஸுக்கு மூக்கும் நினைவில் நிற்கும்.